கணுக்காலுக்குள் விளையும் கற்கள்

1558ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்துச் செயிண்ட் ஒனோரே வீதியில் வாழ்ந்த ஒரு தையற்காரரின் முழங்கால் நீர்கோத்து வீங்கியபோது, அதைக் கீறி நீரை வடித்துவிடும்படி அழைக்கப்பட்டவர், பிரெஞ்சு மன்னர்களுக்கே ரண வைத்தியராயிருந்த ஆம்புருவாஸ் பாரே என்பவர். கீறிய இடத்தில் நீரோடு கூட அவர் கண்டது, வாதுமைக் கொட்டையளவு பருமனுடையதும், வெண்ணிறமானதும், கடினமானதும், இழைத்தெடுத்ததுபோல் வழவழப்பானதுமான ஒரு கல். தையற்காரர் குணமடைந்து எழுந்து நடமாடினார். பாரே அந்தக் கல்லை, மனித சரீரத்தில் விளையும் பிற கற்களைப் பற்றிய அதிசயச் செய்திகளோடு சேர்த்துத் தம் நூலில் எழுதி வைத்தார். மூட்டுகளுக்குள் கற்கள் விளையும் ஓர் அபூர்வ வியாதியின் சரித்திரத்தை வைத்திய நூல்கள் அந்தக் கல்லிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

இந்த வியாதிக்குச் சைனோவியல் காண்ட்ரோமட்டோசிஸ் என்று பெயர். மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வானது, தனக்கு இயல்பல்லாத குருத்தெலும்பை ஆங்காங்கே முளைப்பிக்கத் தொடங்குவதே இதன் சாரம். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே இது நாடுகிறது; பெண்களைக் காட்டிலும் ஆண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். ஒருவரிடம் ஒரே ஒரு மூட்டில்தான் தோன்றும் சுபாவமுடையது. அந்த ஒரு மூட்டும் பெரும்பாலும் முழங்காலாகவே இருக்கும். அதற்கடுத்து இடுப்பு, முழங்கை, தோள் ஆகியவற்றைச் சொல்லலாம். கணுக்காலில் வருவது, அபூர்வத்திலும் அபூர்வம். ஆயினும் கணுக்காலைப் பற்றியே இங்கு விரிவாக எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு: இந்த வியாதி ஒளிந்துகொள்வதற்கு அதைவிட வசதியான இடம் சரீரத்தில் வேறில்லை. வாழ்நாளில் ஒரு முறையேனும் காலைப் பிசகி நொண்டாதவர் யார்? ஆகையால் கணுக்கால் வீங்கினால் சுளுக்கு என்று சொல்லிவிடுவது நோயாளிக்கும் எளிது, வைத்தியருக்கும் எளிது.

கணுக்கால் மூட்டின் அமைப்பைச் சிறிது கவனிக்க வேண்டும். கீழ்க்காலில் உள்ள பெரிய எலும்பும் சிறிய எலும்பும் அடியில் வந்து முடியும்போது, இருபுறமும் நாம் கையால் தொட்டு அறியக்கூடிய கணுமுட்டுகளாய் இறங்கி, நடுவே ஒரு பள்ளத்தை ஏற்படுத்துகின்றன. தச்சர் மரத்தில் துளையடித்து, அதில் மற்றொரு கட்டையின் கழுத்தை இறுகப் பொருத்துவதுபோல, அந்தப் பள்ளத்தில் தாலஸ் என்னும் எலும்பு பொருந்தி நிற்கிறது. இந்தத் தாலஸ் ஒரு விசித்திரமான எலும்பு. சரீரத்தின் பாரம் முழுவதும் இதன் வழியாகவே பாதத்துக்கு இறங்குகிறது. நடக்கும்போது இதன்மேல் விழும் அழுத்தம் உடலின் எடையைப் போல் பல மடங்கு. அப்படியிருந்தும் எந்த ஒரு தசையும் இதைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. இதன் மேற்பரப்பில் பாதிக்கு மேற்பட்ட பாகம் குருத்தெலும்பினால் மூடப்பட்டிருக்கிறது. அந்தக் குருத்தெலும்பின் கனமோ, பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான். முழங்காற் சில்லின் பின்புறத்தில் அதுவே ஐந்து மில்லிமீட்டரையும் எட்டும் என்பதை நோக்கினால், கணுக்காலின் சிக்கனம் வியப்பளிக்கிறது. இவ்வளவு மெல்லிய பூச்சை வைத்துக்கொண்டு, சாதாரண மனிதனின் கணுக்கால், அடிபடாமல் இருக்கும்வரை, முதுமையிலும் எளிதில் தேய்வதில்லை. எலும்புகள் அத்தனை கச்சிதமாக ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதே இதற்கு முக்கிய காரணம். ஆனால் கச்சிதமாகப் பொருந்திய இடத்தில் அந்நியப் பொருள் எதற்கும் இடமில்லை என்பதும் அதனாலேயே விளைகிறது.

மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் ஓரிரு அணுக்களின் கனமே உடைய சவ்வு ஒன்று படிந்திருக்கிறது. மூட்டு வழுக்கி இயங்குவதற்கு வேண்டிய வழுவழுப்பான நீரைச் சுரப்பதும், கழிவுகளை உறிஞ்சி அப்புறப்படுத்துவதும் அதன் தொழில். அந்த நீருக்கு மற்றொரு தொழிலும் உண்டு. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையா, நரம்புகளும் கிடையா. அதன் அணுக்கள் தமக்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் இந்த மூட்டு நீரிலிருந்தே ஈர்த்துக்கொள்கின்றன. இரத்தம் ஓடாத காரணத்தால், அடிபட்ட குருத்தெலும்பு தோலைப்போலவோ எலும்பைப்போலவோ மீண்டும் வளர்ந்து கூடுவதில்லை. 1743ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சங்கத்தின் முன் வாசித்த ஒரு கட்டுரையில், வில்லியம் ஹண்டர் என்னும் சரீர சாஸ்திரி, குருத்தெலும்பு ஒரு முறை அழிந்தால் மீள்வதில்லை என்று எடுத்துரைத்தார். அவருக்குப் பின் வந்த வைத்தியர்கள் அதை மீட்க எத்தனையோ உபாயங்களைக் கையாண்டும், இயற்கை தந்த குருத்தெலும்புக்கு ஈடான ஒன்றை அந்த இடத்தில் வளர்ப்பது இன்றளவும் கடினமாகவே இருந்து வருகிறது. வேண்டிய இடத்தில் ஒரு மயிரளவும் வளர மறுக்கும் அதே பொருளை, வேண்டாத இடத்தில் இந்தச் சவ்வு தாராளமாக விளைவிக்கிறது. இந்த வியாதியைப் பற்றிப் படிக்கும்தோறும் மனத்தை விட்டு அகலாத விந்தை இதுவே.

விளையும் விதத்தை முறையாக ஆராய்ந்து வகுத்தவர் மில்கிராம் என்னும் அமெரிக்க வைத்தியர். 30 நோயாளிகளின் திசுக்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, 1977ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இன்றும் இத்துறையில் பிரமாணமாகக் கொள்ளப்படுகிறது. முதற் கட்டத்தில், சவ்வின் உள்ளேயே குருத்தெலும்பு முடிச்சுகள் தோன்றுகின்றன. மூட்டின் வெளிக்குள் இன்னும் எதுவும் உதிர்ந்திருக்காது. இரண்டாவது கட்டத்தில், சில முடிச்சுகள் காம்பு விட்டுத் தொங்குகின்றன, சில உதிர்ந்தும் விடுகின்றன. சவ்வு இன்னும் புதியவற்றை ஆக்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் சவ்வு தன் ஆவேசம் தணிந்து அடங்கிவிடுகிறது. மூட்டு நிறைய உதிர்ந்த உருண்டைகள் மட்டும் எஞ்சிக் கிடக்கின்றன. அவை ஐந்தாறாகவும் இருக்கலாம், நூற்றுக்கணக்காகவும் இருக்கலாம். திறந்து பார்த்த வைத்தியரின் கண்ணுக்கு அவை வெண்மையாகவும், சற்று நீலம் பாய்ந்தும், ஒளி ஊடுருவுவனபோல் பளபளப்பாகவும், ஒரே மூட்டில் பெரும்பாலும் ஒரே அளவினவாகவும் தோன்றும். நெருங்கிக் கிடந்தவை ஒன்றையொன்று அழுத்தி முகம் தேய்ந்து பட்டை பட்டையாக இருப்பதும் உண்டு.

உதிர்ந்த பின்பு அவை செத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. அவை சாவதில்லை. குருத்தெலும்புக்கு இரத்தம் தேவையில்லை, மூட்டு நீரே போதும் என்று மேலே சொன்னதை இங்கு நினைவுகூர வேண்டும். எந்த மூட்டில் அவை மிதக்கின்றனவோ அந்த மூட்டின் நீரையே உண்டு, எதனோடும் ஒட்டுறவின்றி, அவை மேலும் பருக்கின்றன. சவ்வோடு ஒட்டியிருந்த காலத்தில் இரத்தக் குழாய்கள் புகுந்து உள்ளே எலும்பு உண்டாகியிருந்தால், உதிர்ந்தவுடன் இரத்தம் நின்று அந்த எலும்பு மாத்திரம் மடிகிறது. வெளிப்புறத்துக் குருத்தெலும்போ தொடர்ந்து உயிர் வாழ்கிறது. சில சமயம் மிதந்து திரிந்த உருண்டை மீண்டும் சவ்வின் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, புதிதாக இரத்தக் குழாய்களைப் பெற்று, மறுபடியும் எலும்பாகத் தொடங்குவதும் உண்டு.

இதற்கெல்லாம் மூலம் எது? மிதக்கும் பொருள்கள் சவ்வையொட்டிய திசுவிலிருந்தே பிறக்கின்றன என்று 1813ஆம் ஆண்டிலேயே லாயனெக் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற அதே லாயனெக்தான் அவர். அதன் பின்னர் நெடுங்காலம், யாதோ ஒரு தூண்டுதலால் சவ்வின் அணுக்கள் தம் சுபாவம் மாறிக் குருத்தெலும்பு அணுக்களாகின்றன, இது ஒரு வகைத் திரிபேயன்றிக் கட்டி அன்று என்ற அபிப்பிராயமே நிலவியது. ஜீன்களைப் படிக்கும் கலை வளர்ந்த பிறகு அந்த அபிப்பிராயம் ஆட்டம் கண்டது. இரண்டாவது குரோமோசோமில் தொலைவான இரு இடங்களில் உள்ள இரு ஜீன்கள், அதாவது ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதத்தை ஆக்கும் ஜீனும், ஆக்டிவின் என்னும் வளர்ச்சித் தூதை ஏற்கும் வாங்கியை ஆக்கும் ஜீனும், இடம் பிசகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது, இந்நோய் கண்டவர்களில் கணிசமானவர்களின் திசுக்களில் இப்போது கண்டறியப்பட்டிருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த குறை அன்று அது. அந்த ஒரு மூட்டின் சவ்வில் பிற்பாடு நேர்ந்த பிசகு. அப்படி மாறிய அணுவின் சந்ததிகளே இத்தனை முடிச்சுகளையும் விளைவிக்கின்றன என்றால், இதைப் புதுவளர்ச்சி என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. புற்றுநோயைப்போல் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவும் குணம் இதற்கு இல்லை. அதனாலேயே இதைப் பொதுவாகத் தீங்கற்றது என்று சொல்வது வழக்கம்.

இனி நோயாளியின் நிலைமை. முதலில் மந்தமான ஒரு வலி. மாலை வேளையில் கணுமுட்டுக்கு முன்புறத்தில் ஒரு வீக்கம். காலையில் சற்று வற்றியிருக்கும். குந்தி உட்காரும்போது பாதம் முன்போல மடங்க மறுக்கும். மாடிப்படி இறங்குகையில் உள்ளே எதுவோ உரசுவதுபோல் ஒரு நெறுநெறுப்பு. உதிர்ந்த உருண்டை ஒன்று எலும்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்க நேரிடும்; காலை உதறினால் அது விலகி, மூட்டு விடுபடும். சிலருக்கு மூட்டின் பின்புறத்தில், கட்டைவிரலை மடக்கும் தசைநாணின் உறையோடு மூட்டு தொடர்புற்றிருக்கும். அவர்களிடம் உருண்டைகள் அந்த உறைக்குள்ளும் நழுவிச் சென்று, கட்டைவிரலை மடக்கும்போதெல்லாம் குதிகாலுக்கு மேலே வலியை உண்டாக்கும். காய்ச்சல் இராது, இரத்தப் பரிசோதனைகளில் குறிப்பான குற்றம் எதுவும் தென்படாது. எண்ணெய் தேய்ப்பதும், நாட்டு மருந்து கட்டுவதும், வலி மாத்திரை விழுங்குவதுமாய் மாதங்கள் கழிந்து, அவை வருஷங்களாகவும் ஆகிவிடுகின்றன.

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். குருத்தெலும்பு எக்ஸ்ரே கதிர்களைத் தடுத்து நிறுத்தும் பொருளன்று. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்த பின்பே, வட்டமும் வளையமுமான நிழல்கள் படத்தில் விழுகின்றன. அது படிவதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, கவலை வேண்டாம் என்று திருப்பியனுப்பப்படுகிறவர்கள் பலர். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில்தான் சவ்வின் தடிப்பும், சுண்ணம் ஏறாத முடிச்சுகளும் புலப்படுகின்றன. அப்போதும் வைத்தியர் அவசரப்பட்டு முடிவுக்கு வரலாகாது. மூட்டில் காசநோய் பற்றினாலும், முடக்கு வாதம் பற்றினாலும், அரிசி மணிகள் என்றே வைத்தியர்கள் வழங்கும் சிறு வெண்பொருள்கள் மூட்டுக்குள் மிதப்பதுண்டு. அவை குருத்தெலும்பல்ல, ஃபைப்ரின் என்னும் உறைபொருளின் திரட்சி. காசநோய் இன்னும் ஒழியாத நம் தேசத்தில் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறுவது பெரும் பிழையாகும். ஒன்றுக்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும், மற்றொன்றுக்கு மருந்தால் பயனில்லை.

மூட்டுத் தேய்வினாலோ பழைய அடியினாலோ எலும்பின் விளிம்பிலிருந்து பெயர்ந்த சில்லுகளும் இவ்வாறே மிதந்து வளரக்கூடும். அவற்றைக் குறுக்கே வெட்டி நுண்பெருக்கியில் பார்த்தால், மரத்தின் அடியில் காணும் ஆண்டு வளையங்களை ஒத்த வரிசைகள் ஒழுங்காகத் தெரியும்; படிப்படியாக மேலே படிந்து வளர்ந்ததன் அடையாளம் அது. சவ்விலிருந்து தானே முளைத்த முடிச்சிலோ அந்த ஒழுங்கு இல்லை. அணுக்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டு, சில பருத்தும், சில இரண்டு உட்கருக்களைக் கொண்டும், தாறுமாறாக நிற்கும். நோயாளியின் வரலாற்றையும் எக்ஸ்ரே படத்தையும் அறியாமல், கண்ணாடித் தகட்டை மட்டும் பார்க்கிற நிபுணர், அந்தத் தாறுமாறைக் கண்டு குருத்தெலும்புப் புற்று என்று மயங்குவதற்கு இடமுண்டு. அப்படி மயங்கினால் காலையே இழக்க நேரிடலாம் என்பதை எண்ணும்போது, சிகிச்சை செய்பவரும், படம் பார்ப்பவரும், திசு பார்ப்பவரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதை ஒரு சம்பிரதாயமாக அல்ல, சிகிச்சையின் பிரதான அங்கமாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிகிச்சை என்பது கற்களை எடுத்துவிடுவதும், நோயுற்ற சவ்வைச் சீவி அகற்றுவதுமே. முற்காலத்தில் மூட்டைப் பெரிதாகத் திறந்தே இதைச் செய்தார்கள். மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் வித்தை, பெரிதும் ஜப்பானில் வளர்ந்தது. 1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் கென்ஜி தக்காகி என்பவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் நோக்கினார். காசநோயால் முழங்கால் விறைத்துப் போனால், மண்டியிட்டு அமரும் பழக்கமுடைய ஜப்பானியருக்கு அது எத்தகைய துன்பம் என்பதை அவர் அறிந்திருந்ததே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். ஆயினும் கணுக்கால் எளிதில் வசப்படவில்லை. 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பல மூட்டுகளையும் சோதித்துப் பார்த்த பர்மன் என்னும் வைத்தியர், கணுக்கால் மிகவும் குறுகலானது, குழாயை ஏற்காது என்று தீர்ப்புச் சொன்னார். கருவிகள் மெலிந்தன; தக்காகியின் சீடர் மசாக்கி வத்தனபே, 1972ஆம் ஆண்டில் 28 கணுக்கால்களை உள்நோக்கிப் பார்த்த விவரத்தை வெளியிட்டு, அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதினார்.

இன்று கணுக்காலின் முன்புறத்தில், அரை அங்குலத்துக்கு மேற்படாத இரு கீறல்கள் இட்டு, ஒன்றின் வழியே ஒளியும் காமிராவும், மற்றொன்றின் வழியே கவ்வியும் சீவியும் புகுத்துகிறார்கள். வெளிப்புறக் கீறல் இடும் இடத்தருகே, பாதத்தின் மேற்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கத்தியை வைப்பதற்கு முன், அனுபவமுள்ள வைத்தியர் நோயாளியின் பாதத்தைக் கீழ்நோக்கி உட்புறமாகத் திருப்பி, நான்காவது விரலைப் பிடித்து மடக்கிப் பார்ப்பார். அப்போது அந்த நரம்பு பலருக்குத் தோலின் கீழ் இழையோடுவது கண்ணுக்கே தெரியும். மையால் அதன்மேல் கோடிட்டுக்கொண்டு, அதற்கு விலகித் தோலை மட்டும் கீறி, அதன் பின் மழுங்கிய கருவியால் விலக்கிக்கொண்டே உள்ளே செல்வார். மூட்டின் பின்புறம் நெடுநாள் வரை குழாய்க்கு எட்டாததாகவே கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் டைக் குழுவினர், குதிநாணின் இருபுறமும் இரண்டு கீறல்கள் இட்டு அங்கும் செல்லும் வழியைக் காட்டினார்கள். கட்டைவிரலை மடக்கும் தசைநாணுக்கு வெளிப்புறமாகவே கருவி இருக்க வேண்டும். உட்புறம் சென்றால், பாதத்துக்கு உயிரூட்டும் இரத்தக் குழாயும் நரம்பும் அங்கே இருக்கின்றன.

கற்கள் கண்ணைக் கவர்கின்றன. அவற்றை ஒன்றொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து எண்ணிப் பார்ப்பதில் நோயாளிக்கும் அவர் உறவினருக்கும் ஒரு திருப்தி உண்டாவது இயற்கையே. ஆனால் வியாதி கற்களில் இல்லை. அது சவ்வில் இருக்கிறது. சவ்வு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டத்தில் கற்களை மட்டும் எடுத்துவிட்டு மூடினால், மீண்டும் விளைவதற்கு வழி திறந்தே இருக்கிறது. அடங்கிப்போன மூன்றாவது கட்டத்தில் கற்களை எடுப்பதே போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; எந்தக் கட்டம் என்பதை அறுவையின்போது வெறும் கண்ணால் தீர்மானிப்பது எளிதன்று ஆகையால், எட்டும் வரையில் சவ்வையும் நீக்கிவிடுவதே விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணுக்காலிலோ முன்பக்கம், பின்பக்கம், கணுமுட்டுகளின் சந்து என்று சவ்வு மறைந்திருக்கும் மூலைகள் பல. முழுவதும் சீவினோம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

தீங்கற்றது என்பதால் காலம் கடத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டர் பூச்சின்மேல், உடலின் பாரம் முழுவதும் அழுத்த, கடினமான உருண்டைகள் புரண்டு உரசும்போது அந்தப் பூச்சு தேய்கிறது, தேய்ந்தது வளர்வதில்லை. பல ஆண்டுகள் விட்டுவைத்து, பின்பு கற்களை அகற்றினாலும், மூட்டு அதற்குள் தேய்ந்து போயிருந்தால் வலி தொடரும். மிகவும் தேய்ந்த மூட்டுக்கு, எலும்புகளை ஒன்றாக இறுக்கிக் கூட்டிவிடுவதோ செயற்கை மூட்டு வைப்பதோ தவிர வேறு மார்க்கமில்லாமற் போகும். மிக அபூர்வமாக, இதே முடிச்சு மெய்யான புற்றாக மாறியதும் உண்டு. சிகிச்சைக்குப் பின் குறுகிய காலத்தில் திரும்பத் திரும்ப வளர்வதும், எலும்பின் உட்புறத்துக்கே ஊடுருவுவதும் அதன் எச்சரிக்கைக் குறிகள்.

கணுக்கால் பிசகி வீங்கினால் பெரும்பாலும் அது சுளுக்குதான். சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாமல் மாதக்கணக்கில் வீங்கியே இருந்தாலும், அடிபட்ட ஞாபகமே இல்லாமல் வீங்கினாலும், நடுவழியில் மூட்டு சிக்கிக்கொண்டாலும், எக்ஸ்ரே நன்றாயிருக்கிறது என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், எலும்பு முறிவு வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். அறுவை முடிந்தவர்கள் திசுப் பரிசோதனை அறிக்கையையும் பழைய படங்களையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, வலி இல்லாவிட்டாலும் வைத்தியர் சொன்ன தவணைகளில் சில ஆண்டுகள் சென்று காட்டி வர வேண்டும்.